கையெழுத்தில் குணம் தெரியுமா?

"கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. முத்து முத்தாக எழுதும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, கிறுக்கித் தள்ளும் பிள்ளையின் அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் அது. இதில் ஒரு நல்ல விஷயம், யாரும் இதை நிஜமாக நம்புவதில்லை. பெண் பார்க்கப் போகும்போதோ, வேலைக்கு ஆள் எடுக்கும்போதோ யாரும் இதைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை.

அதே சமாச்சாரம் கிராஃபாலஜி என்று பெயர் வைத்துக்கொண்டு வரும்போதுதான் சிக்கல். ஒரு பெயர் 'லஜி' என்று முடிந்துவிட்டால் போதும், அறிவியல் என்ற மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. வார இறுதி வகுப்பு நடக்கிறது, சான்றிதழ் தருகிறார்கள். விடுதி அறையில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து "உன் கையெழுத்தைக் காட்டு, நீ எப்படிப்பட்ட ஆள்னு சொல்றேன்" என்று விளையாடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வேலை கேட்டு வருபவரிடம் கோடு போடாத வெள்ளைத் தாளைக் கொடுத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லி, அதை ஒரு 'நிபுணரிடம்' அனுப்பிக் குணம் பார்க்கும் பழக்கம் பிரான்சிலும் இஸ்ரேலிலும் பல காலம் இருந்தது. அது இந்தியாவிலும் அங்கங்கே எட்டிப் பார்க்கிறது. அங்கே போனபின் அது விளையாட்டு இல்லை. ஒருவருடைய சம்பளம்.

முதலில் இந்தக் கலை என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். எழுத்து வலப்பக்கம் சாய்ந்தால் மற்றவர்களோடு சுலபமாகப் பழகுபவர், இடப்பக்கம் சாய்ந்தால் ஒதுங்கி நிற்பவர். வரி மேலே ஏறினால் நம்பிக்கைவாதி, கீழே இறங்கினால் மனச்சோர்வு. எழுத்து பெரிதாக இருந்தால் தன்னை முன்னிறுத்துபவர், பொடியாக இருந்தால் கவனம் குவிப்பவர். ஆங்கில 'டி' எழுத்தின் குறுக்குக்கோடு உயரத்தில் இருந்தால் பெரிய இலட்சியம் உள்ளவர். 'ஐ' எழுத்தின் புள்ளி சரியாகத் தலைக்கு மேல் விழுந்தால் நுணுக்கமானவர். கையொப்பத்துக்கு அடியில் கோடு போட்டால் தன்னம்பிக்கை. இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது.

இது இன்று நேற்று வந்ததில்லை. இத்தாலியின் போலோன்யா நகரத்துப் பேராசிரியர் கமில்லோ பால்டி 1622-லேயே, ஒருவர் எழுதிய கடிதத்திலிருந்து அவர் இயல்பை அறிவது எப்படி என்று நூல் எழுதிவிட்டார். கிராஃபாலஜி என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் 1870-களில் ழான் இப்போலித் மிஷோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். நூற்றுக்கணக்கான கையெழுத்துகளைச் சேர்த்து, இந்தச் சுழிக்கு இந்தக் குணம் என்று பட்டியல் போட்டவர் அவர். பட்டியல் போட்டாரே தவிர, அது சரிதானா என்று சோதித்துப் பார்க்கும் வேலை பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் தலையில் விழுந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "கோர்ட்டிலேயே கையெழுத்து நிபுணரை ஏற்கிறார்களே, பாங்கில் கையெழுத்துப் பார்க்கிறார்களே" என்று பலர் கேட்பார்கள். வணிகச் சட்டம் படித்தவர்களே கூடக் கேட்பார்கள்! 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு கையெழுத்து பற்றிய நிபுணர் கருத்தை ஏற்றது உண்மை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்வி "இதை எழுதியது யார்?" என்பது. காசோலையில் உள்ள கையொப்பத்தையும் மாதிரிக் கையொப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வங்கி ஊழியர், கணக்கு வைத்திருப்பவர் கஞ்சனா, தாராளமானவரா என்று பார்ப்பதில்லை. ஆளுக்கு ஆள் கையெழுத்து வேறுபடும் என்பது ஒரு விஷயம். அந்த வேறுபாடு குணத்தின் வேறுபாடு என்பது முற்றிலும் இன்னொரு விஷயம். கைரேகைகூட ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அதை வைத்துக் காவல்துறை திருடனைப் பிடிக்கிறது, எதிரே வருபவர் கோபக்காரரா என்று சொல்வதில்லை.

(அந்த முதல் வேலையிலேயே தப்பு நடக்கும் என்பதற்கு டிரைஃபஸ் வழக்கு போதும். 1894-இல் ஒரு துண்டுக் காகிதத்தின் கையெழுத்தை வைத்துப் பிரெஞ்சு இராணுவ அதிகாரி ஒருவரைத் தேசத்துரோகி ஆக்கினார்கள். எழுத்து பொருந்தவில்லையே என்றபோது, அவரே தன் எழுத்தைப் போலியாக மாற்றி எழுதியிருக்கிறார் என்று அல்ஃபோன்ஸ் பெர்டியோன் விளக்கம் கொடுத்தார். டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாக 1906 ஆனது.)

குணம் பார்க்கும் கதைக்கு வந்தால், 2005 ஜனவரியில் நடந்த கூத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உலகப் பொருளாதார மன்றக் கூட்டம். அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர், பில் கேட்ஸ், பாடகர் போனோ எல்லோரும் ஒரே மேடையில் இருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் மேசையில் ஒரு தாள் கிடைத்தது. கட்டம், முக்கோணம், வட்டம், நடுநடுவே சில சொற்கள். பிளேர் கிறுக்கியது என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் முடிவு கட்டி, நிபுணர்களிடம் காட்டின. நிபுணர்கள் வெளுத்து வாங்கினார்கள். மனிதர் கடும் அழுத்தத்தில் இருக்கிறார், மனதை ஒரு இடத்தில் நிறுத்த முடியவில்லை, இயல்பான தலைவர் இல்லை... இப்படி. சில நாளில் விஷயம் வெளியே வந்தது. கிறுக்கியவர் பில் கேட்ஸ்!

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த, ஈராக் போரால் பெயர் கெட்டிருந்த ஒரு பிரதமரைப் பற்றி ஊர் என்ன பேசிக்கொண்டிருந்ததோ, அதைத்தான் அந்த நிபுணர்கள் கோடுகளில் கண்டார்கள். கேட்ஸுடையது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அதே முக்கோணங்களில் தொலைநோக்கும் கற்பனை வளமும் தெரிந்திருக்கும் என்பதில் என்ன சந்தேகம்?

ஒரு சம்பவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்றால், சோதனைகளைப் பார்க்கலாம். 1919-லேயே அமெரிக்காவில் கிளார்க் ஹல்லும் மான்ட்கோமரியும் இதை அளந்து பார்த்தார்கள். ஒரே விடுதிக் குழுவைச் சேர்ந்த மாணவர்கள் எழுதிய எழுத்தின் சாய்வு, அழுத்தம், குறுக்குக்கோட்டின் நீளம் எல்லாவற்றையும் அளந்தார்கள். அந்த மாணவர்களை நன்றாகத் தெரிந்த கூட்டாளிகளையே வைத்து அவர்கள் குணத்தையும் வரிசைப்படுத்தினார்கள். இரண்டுக்கும் ஒட்டுறவு கிட்டத்தட்டப் பூஜ்யம். பி.காம். புள்ளியியல் தாளில் கார்ல் பியர்சன் கணக்குப் போட்டு மண்டை காய்ந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லவே முடியாது என்று அர்த்தம்.

1986-இல் இஸ்ரேலில் பென்-ஷகார் குழுவினர் இன்னொரு சோதனை செய்தார்கள். எட்டு வெவ்வேறு தொழில்களில் வெற்றிகரமாக இருக்கும் 40 பேரின் கையெழுத்தை ஐந்து கிராஃபாலஜி நிபுணர்களிடம் கொடுத்து, யார் என்ன தொழில் என்று கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்பவரைவிட அவர்கள் ஒன்றும் சிறப்பாகச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது 1989-இல் நெட்டரும் பென்-ஷகாரும் வெளியிட்ட தொகுப்பாய்வு. 17 ஆய்வுகள், 1223 கையெழுத்துத் தாள்கள். நிபுணர்களுக்குக் கொஞ்சம் சரியாகச் சொல்ல முடிகிற மாதிரிதான் முதலில் தெரிந்தது. ஆனால் அதே தாள்களைக் கிராஃபாலஜியே தெரியாத ஆட்களிடம் கொடுத்தால், அவர்களும் அதே அளவு சரியாகச் சொன்னார்கள். உளவியல் படித்தவர்கள் நிபுணர்களையே தாண்டிவிட்டார்கள். எப்படி? தாளில் எழுதியிருந்தது சுயசரிதை! "பிளஸ் டூவில் பள்ளி முதல்வன், கல்லூரியில் வணிகவியல் மன்றச் செயலாளர்" என்று ஒருவன் எழுதியிருந்தால், அவன் துடிப்பானவன் என்று சொல்ல எழுத்தின் சாய்வு எதற்கு? படித்தாலே போதுமே. எல்லோரும் ஒரே பத்தியைப் பார்த்து எழுதிய தாள்களைக் கொடுத்தபோது, நிபுணர்களின் திறமை ஏறக்குறைய ஆவியாகிவிட்டது. 'உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்' என்று நிபுணர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பது இப்போது புரிகிறது அல்லவா?

அப்படியானால், "எனக்குச் சொன்னது அப்படியே நூற்றுக்கு நூறு பொருந்தியது" என்று எத்தனையோ பேர் சத்தியம் செய்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளரை இரவு விடுதி ஒன்றில் கையெழுத்துப் பலன் சொல்பவர் ஒருவர் வழிமறித்த கதையை அவரே தன் கட்டுரையில் எழுதியிருக்கிறார். பலன் சரியாக இருக்கிறது என்று கேட்பவர் ஒப்புக்கொள்வதே சான்றாகிவிடுமா என்பது அவர் கேள்வி. தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு பலன் தாள் கொடுத்தார். ஐந்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26! எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோத்தது. 1949-இல் வெளியான இந்தச் சோதனையை எந்த வகுப்பிலும் இன்றைக்கே திரும்பச் செய்து பார்க்கலாம். "வெளியே கலகலப்பாக இருந்தாலும் சில சமயம் தனிமை தேடுகிறீர்கள், உங்கள் திறமையை நீங்கள் முழுதாகப் பயன்படுத்தவில்லை" என்று சொன்னால் மறுக்கிற கல்லூரி மாணவர் யார்?

இன்னொரு காரணம் சொற்களில் ஒளிந்திருக்கிறது. வரி மேலே ஏறினால் முன்னேற்றம், கீழே இறங்கினால் சோர்வு. எழுத்து நெருக்கமாக இருந்தால் கஞ்சத்தனம், இடைவெளி விட்டால் தாராளம். இதெல்லாம் கேட்டதும் 'ஆமாம், சரிதானே' என்று தோன்றுகிறது. தோன்றாமல் என்ன செய்யும்? 'ஏற்றம்', 'தாழ்வு மனப்பான்மை', 'வளைந்து கொடுப்பவர்', 'நேரானவர்', 'கோணல் புத்தி' என்றெல்லாம் பேச்சில் ஏற்கெனவே கோட்டையும் குணத்தையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம். கிங், கோலர் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் இதைத்தான் காட்டினார்கள். கையெழுத்துகளையும் குணங்களையும் தாறுமாறாகச் சேர்த்துக் கொடுத்தபோதுகூட, சாதாரண ஆட்கள் கிராஃபாலஜி சொல்லும் அதே தொடர்புகளைக் 'கண்டுபிடித்தார்கள்'. தொடர்பு தாளில் இல்லை, சொல்லில் இருந்தது.

இந்த விதிகளைத் தமிழ் எழுத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. தமிழில் குறுக்குக்கோடு போட 'டி' கிடையாது, பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. சரி, புள்ளி இருக்கிறதே என்று மெய்யெழுத்தின் புள்ளியைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். 'ஐ' எழுத்தில் புள்ளி விட்டவர் கவனக்குறைவானவர் என்ற விதிப்படி, பல நூற்றாண்டுகளாகச் சுவடி எழுதிய புலவர்கள் அத்தனை பேரும் கவனக்குறைவான ஆசாமிகள்! இலக்கணத்தில் ஒற்றுப்பிழை பார்த்தவர்களுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

மேலே எழும்பும் வளையம் கற்பனையைக் காட்டும் என்பது இன்னொரு விதி. தாத்தா பாட்டியின் கடிதங்களில் 'லை', 'னை', 'ணை' போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கைபோல முன்னால் எழும்பி வளைந்திருக்கும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டு அந்தத் துதிக்கையை எடுத்துவிட்டது. ஒரே அரசாணையில் ஒரு தலைமுறையின் கற்பனைத் திறன் குறைந்துவிட்டதா என்ன? பேனா, தாள், பள்ளி, அரசு என்று வெளியிலிருந்து வந்தவை எழுத்தின் வடிவத்தில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வலம் இடம் கதையும் இப்படித்தான். இடப்பக்கம் கடந்த காலம், வலப்பக்கம் எதிர்காலம் என்று சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் புல்வர் வழிவந்தவர்கள் சொல்கிறார்கள். வலமிருந்து இடமாக எழுதும் உருதுவிலும் ஹீப்ருவிலும் எதிர்காலம் எந்தப் பக்கம்?

"கை எழுதவில்லை, மூளை எழுதுகிறது" என்பது கிராஃபாலஜிக்காரர்களின் பிரம்மாஸ்திரம். உண்மைதான். டீ மாஸ்டர் டம்ளரை உயர்த்தி ஆற்றும்போதும் மூளைதான் ஆற்றுகிறது. அந்த உயரத்தை வைத்து அவருடைய நேர்மையைச் சொல்ல முடியுமா? பார்க்கின்சன் நோய் வந்தவர்களின் எழுத்து பொடிப்பொடியாகச் சுருங்குவதுண்டு. மருத்துவர்கள் அதை ஒரு அறிகுறியாகக் கொள்கிறார்கள். அது தசை இயக்கம் பாதிக்கப்படுவதைக் காட்டுகிறது, சிக்கன புத்தியைக் காட்டவில்லை. எழுதியவர் ஆணா பெண்ணா என்பதைக்கூடப் பத்துக்கு ஆறேழு முறை சாதாரண ஆட்களே சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, நிபுணர் தேவையில்லை.

காந்தியின் கையெழுத்து மோசம். அவரே சத்திய சோதனையில் அதற்காக வருந்தி, கெட்ட கையெழுத்து அரைகுறைக் கல்வியின் அடையாளம் என்று எழுதினார். 1909-இல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதும்போது வலக்கை ஓய்ந்துபோக, சுமார் 40 பக்கங்களை இடக்கையால் எழுதினார். இரண்டு கை எழுத்தும் ஒன்றுபோல இருக்காது. எந்தப் பக்கத்தை நிபுணரிடம் அனுப்புவது?

இனி வேலைக்கு ஆள் எடுக்கும் இடம். 1998-இல் ஷ்மிட், ஹண்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, எந்தத் தேர்வு முறை வேலைத்திறனை எவ்வளவு முன்கூட்டிச் சொல்கிறது என்று பட்டியலிட்டார்கள். கையெழுத்துக்குக் கிடைத்தது 0.02. ஒரே மாதிரிக் கேள்விகளை எல்லோரிடமும் கேட்கும் ஒழுங்கான நேர்காணலுக்கு 0.51. 2022-இல் வேறு ஆய்வாளர்கள் கணக்கைத் திருத்தி நேர்காணலை 0.42-க்குக் குறைத்தார்கள். அப்படியும் எங்கே 0.42, எங்கே 0.02!

இவ்வளவு மோசமான ஒரு கருவி சந்தையில் எப்படிப் பிழைக்கிறது? நிராகரிக்கப்பட்டவர் எப்படி வேலை செய்திருப்பார் என்று நிறுவனத்துக்குத் தெரியவே போவதில்லை. எடுக்கப்பட்டவர் ஓரளவு வேலை செய்தால் "நிபுணர் சொன்னது சரி". செய்யாவிட்டால் வேறு காரணம் கிடைக்கும். இலாப நட்டக் கணக்கில் நட்டத்துக்குப் பத்தியே இல்லாமல் பார்த்துக்கொள்கிற தணிக்கை இது.

நட்டம் யாருக்கு? கான்வென்ட்டில் நாலு கோடு நோட்டில் கர்சிவ் பழகிய பிள்ளை எழுத்துகளைக் கோத்து எழுதும். தமிழ்வழியில் படித்து, பிற்பாடு ஆங்கிலம் எழுதப் பழகிய பிள்ளை தனித்தனியாக எழுதும், ஏனென்றால் தமிழில் எழுத்துகள் சேர்வதில்லை. கிராஃபாலஜி விதியில் கோத்து எழுதுபவருக்குத் தர்க்க சிந்தனை, தனித்தனியாக எழுதுபவருக்கு அது தொடர்ச்சியாக வராது. ஆக, ஒருவர் எந்தப் பள்ளிக்குப் போனார், அப்பாவால் எவ்வளவு ஃபீஸ் கட்ட முடிந்தது என்பதுதான் 'குணம்' என்ற பெயரில் அறிக்கையில் போய் உட்காருகிறது. இடக்கைக்காரர், கை முறிந்து சேர்ந்தவர், எழுதுவதிலேயே கற்றல் குறைபாடு உள்ளவர் கதையும் இதுவே. நேர்காணலில் ஒருவரைச் சோம்பேறி என்று சந்தேகித்தால் பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பு உண்டு. வாலை இழுத்து எழுதியதால் பிடிவாதக்காரர் என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டால் அவர் எங்கே போய் மறுப்பார்? அந்தத் தாள் இருப்பதே அவருக்குத் தெரியாதே.

எழுத்தை மாற்றினால் குணமும் அதிர்ஷ்டமும் மாறும் என்று ஒரு கிளைத் தொழிலும் இருக்கிறது. அதில் அதிகம் சிக்குவது கையொப்பம். பெயரைக் குறுக்கே வெட்டாதே, கடைசிச் சுழியை மேலே தூக்கு, அடியில் இரண்டு புள்ளி வைக்காதே என்று சொல்லி அனுப்புகிறார்கள். வாங்கிக்கொண்டு வந்தவர் அடுத்த நாளே புதுக் கையொப்பத்தோடு காசோலை எழுதினால், வங்கியில் இருக்கும் மாதிரியோடு பொருந்தவில்லை என்று அது திரும்பி வரும். அதற்குத் தனியாகக் கட்டணமும் பிடிப்பார்கள். பிறகு வங்கி, பான் கார்டு, பாஸ்போர்ட் என்று ஒவ்வொரு இடமாகப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் பழைய கையொப்பத்தையும் போடச் சொல்வார்கள்.